கடைசி வீடு வரை

குடியிருப்போர் நலச் சங்கத்தின் சுற்றறிக்கையை இலக்கியம் என்று எவரும் சொல்லார். கள்ளக்குறிச்சி நகரின் ஓரத்தில், கரும்பும் நெல்லும் விளைந்த நிலங்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டு எழுந்த தெருக்களுள் ஒன்றில் நான் வசிக்கிறேன். எங்கள் சங்கம் மாதம் ஒருமுறை ஒற்றைத் தாளில் செய்திகளையும் நினைவூட்டல்களையும் அச்சிட்டு வழங்குகிறது. மாதச் சந்தாவைப் பத்தாம் தேதிக்குள் செலுத்துக. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே தருக. மேல்நிலைத் தொட்டி கழுவப்படுவதால் செவ்வாயன்று குடிநீர் வராது. மழைநீர் வடிகாலில் கட்டட இடிபாடுகளைக் கொட்டாதீர். தெருவிளக்கு எரியாவிடில் கம்பத்தின் எண்ணைக் குறித்துத் தெரிவிக்க. படித்து முடித்ததும் அத்தாள் பால் கணக்கு எழுதவோ, பருப்பு டப்பாவின் அடியில் விரிக்கவோ பயன்படும்.

ஆயினும் அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் நிற்கிறது. சான்றாக ஒன்றைச் சொல்லலாம். "தண்ணீர்த் தொட்டிகளை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறம் தேய்த்துக் கழுவுக" என்று மழைக்காலம் தோறும் அத்தாளில் ஒரு வரி இடம்பெறும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. நாம் சேர்த்து வைக்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. முட்டை கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவேதான் 'வாரம் ஒருமுறை'. அம்முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவேதான் 'தேய்த்துக் கழுவுக'. அறிந்தவர் அறியாதவருக்குக் கைமாற்றிய அறிவு அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், எங்கள் தெருவின் கோடியில் புதிய வீடொன்று எழும்பிக்கொண்டிருந்தது. வேலை செய்தவர்கள் அருகிலேயே தகரக் கொட்டகை அமைத்துக் குடும்பத்தோடு தங்கியிருந்தனர். அங்கே ஒரு சிறுமிக்குக் காய்ச்சல் கண்டது. அரசு மருத்துவமனையில் டெங்கு என்று சொன்னார்கள். நல்ல வேளையாக ஒரு வாரத்தில் அவள் நலமடைந்தாள். சங்கத்தார் சிலரோடு நானும் சென்று பார்த்தபோது, கொட்டகையைச் சுற்றி நீர் நிரம்பிய பீப்பாய்கள் மூடியின்றி நின்றன. உடன் வந்தவர் சற்றுக் கடுமையாகவே கேட்டார்: "போன மாதமே நோட்டீஸ் கொடுத்தோமே, பார்க்கவில்லையா?" சிறுமியின் தாய் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலீங்களே, ஐயா" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. சுற்றறிக்கை உறுப்பினர்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. கொட்டகையில் இருந்தோர் உறுப்பினர் அல்லர். வாடகை வீட்டினருள் பாதிப் பேரும் அல்லர். இரவுக் காவல்காரரும் அல்லர். ஆனால் கொசு உறுப்பினர் பட்டியலைப் பார்த்துக் கடிப்பதில்லையே!

அவ்வாண்டுப் பொதுக்குழுவில் இதற்கு நேர்மாறான யோசனையொன்று வந்தது. சந்தா பாக்கி பெருகிவிட்டதால், பாக்கி வைத்தவர்களுக்குச் சுற்றறிக்கையை நிறுத்த வேண்டும் என்றார் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடமையைச் செய்யாதவர் உரிமையை மட்டும் எப்படிக் கேட்கலாம்? நான் எழுந்து, அந்தத் தாயின் சொற்களை அப்படியே திருப்பிச் சொன்னேன். சந்தா என்பது விளக்குக்கும் காவலுக்கும் உரிய செலவு; தண்ணீரில் கொசு வளர்கிறது என்ற செய்திக்கு யாரும் விலை வைக்கலாகாது என்றேன். விவாதம் நீண்டது. முடிவில், உறுப்பினர் ஆயினும் அன்றாயினும் எங்கள் தெருக்களில் இரவு தங்குவோர் அனைவருக்கும் செய்தி சேர வேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. எழுத்தறியாதார்க்கு வாசித்துக் காட்டவும் இருவர் முன்வந்தனர். யோசனை சொன்ன அந்தப் பெரியவரே அவ்விருவருள் ஒருவர்.

அறிவிப்பு என்பது யாருக்காக? அன்று முதல் என்னை விடாமல் தொடரும் கேள்வி இது. நம் ஊர்களில் நெடுங்காலம் செய்தி சொன்னது தண்டோரா. ஏரி வேலைக்கு ஆள் வேண்டும், வரி கட்டக் கடைசி நாள், ஊர்க்கூட்டம் என்று எல்லாவற்றையும் தெருத்தெருவாய்ப் பறையடித்துச் சொன்னவர், பெரும்பாலும் ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டவராகவே இருந்தார். ஊருக்கெல்லாம் கூட்டத்தை அறிவித்தவருக்கு அந்தக் கூட்டத்தில் உட்கார இடமில்லை. 2022 ஆகஸ்டில், அப்போது தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, இவ்வழக்கத்திற்குத் தடை விதிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் இருக்கும்போது மனிதரை இவ்விதம் நடத்துவது வேண்டாம் என்பதே அதன் சாரம். பறை நின்றது. ஆனால் 'ஊர்' என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்ற பழைய கேள்வி நின்றுவிட்டதா?

எங்கள் நகரம் இக்கேள்வியைக் கொடிய முறையில் சந்தித்தது. 2024 ஜூன் 18, 19 ஆகிய நாட்களில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அருந்தியவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். இறந்தோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அது உடலுக்குள் சென்றவுடன் தன் முகத்தைக் காட்டுவதில்லை. வழக்கமான போதை போலவே தோன்றும். பல மணி நேரம் கழித்து, சில வேளைகளில் ஒரு நாள் கழித்துத்தான், உடல் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பின்பு, பார்வை மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். அந்த இடைவெளிக்குள் மருத்துவமனைக்குச் சென்று மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் பெறுவோரில் பலரைக் காப்பாற்றலாம்.

அந்த இடைவெளியில் இன்றியமையாதது எது? ஓர் அறிவிப்பு. "குடித்தவர்கள் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், மீதமிருப்பதைக் குடிக்காதீர்கள்" என்ற இரண்டே வரி. ஆனால் தொடக்கத்தில், இச்சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமன்று என்று மாவட்ட நிர்வாகத்தின் தரப்பில் கூறப்பட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. பின்னர் மெத்தனால் என்பது உறுதியாயிற்று. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். அந்த நேரத்தில் எத்தனை பேர் வீட்டிலேயே படுத்துக் காத்திருந்தார்களோ, நாம் அறியோம். காலம் தாழ்ந்த உண்மை, வாடிய பயிருக்கு அறுவடைக்குப் பின் பெய்த மழையைப் போன்றது.

இத்துயரத்திற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்வு நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலையில் சாராயம் காய்ச்சப்படுகிறது என்று நெடுநாளாய்ப் பேசிவந்த சமவெளியினர், அங்கே சாலை உண்டா, மருத்துவம் உண்டா, பிழைக்க வழி உண்டா என்று அதன்பின்தான் பேசத் தொடங்கினர். அம்மலை வெகுகாலம் மூன்று ஜாகீர்தாரர்களின் பிடியில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1976இல்தான் அது அரசின் நேரடி நிர்வாகத்திற்கு வந்தது. 1947இல் நாடெங்கும் முழங்கிய ஓர் அறிவிப்பு, நம் கண்ணுக்குத் தெரியும் மலையில் ஏறிப் பயன் தர அத்தனை ஆண்டுகள் பிடித்தன!

அந்த மலையில் பெய்யும் மழைதான் கோமுகி ஆறாக நம் ஊருக்கு இறங்கி வருகிறது. மலையடிவாரத்தில் உள்ள கோமுகி அணை நிரம்பும்போது உபரி நீர் திறக்கப்படும். கரையோரத்தார்க்கு எச்சரிக்கை விடப்படும். மாடியில் இருப்பவருக்கு அது நாளிதழில் ஒரு செய்தி. கரையில் குடிசை போட்டவருக்கோ, அன்றிரவு எங்கே தூங்குவது என்பதன் விடை. 2024 டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் வெள்ளத்தில் மிதந்தன. முன்னறிவிப்பு போதவில்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. ஐந்து முறை சொல்லப்பட்டது என்பதும், நள்ளிரவில் கரையோரக் குடிசையில் உறங்கியவர் காதில் விழுந்தது என்பதும் ஒன்றுதானா? சொல்லியாயிற்று என்பது சொன்னவரின் கணக்கு. கேட்டாயிற்று என்று கேட்டவர்தாம் சொல்ல வேண்டும்.

இவ்வகையில் நம் கோயில்களில் வழங்கும் திருமண ஓலை வாசித்தலை நினைத்துப் பார்க்கலாம். 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இதைத் திருச்சபை முழுமைக்கும் பொதுவாக்கியது. 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் மூன்று முறை வாசிக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஏன் மூன்று முறை? முதல் ஞாயிறு காய்ச்சலில் கிடந்தவர் அடுத்த ஞாயிறு வரக்கூடும். வெளியூர் சென்றவர் மூன்றாம் ஞாயிறு திரும்பக்கூடும். மேலும், தடை ஏதும் அறிந்தவர் வந்து தெரிவிக்க வேண்டும் என்று அந்த ஓலை கேட்கிறது. கடையில் வருபவருக்காகக் காத்திருக்கவும், அவர் சொல்லும் மறுமொழியைக் கேட்கவும் தெரிந்த அறிவிப்பு அது.

சங்கம், நகராட்சி, அரசு என எதுவாயினும் அளவுகோல் ஒன்றே. கடைசி வீட்டில், எழுத்தறியாத ஒருவர், உரிய நேரத்தில், தமக்குப் புரியும் சொல்லில் செய்தியைப் பெற்றாரா? பெற்றபின் அவர் ஏதேனும் சொன்னால் கேட்க ஆள் இருந்ததா? இவ்விரு கேள்விகளையும் பெரிய அலுவலகங்களிடம் கேட்கும் தகுதி நமக்கு வர வேண்டுமாயின், நம் தெருவில் அவற்றுக்கு விடை வைத்திருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் எங்கள் சுற்றறிக்கை கைப்பேசியிலும் வருகிறது. ஆனாலும் தாள் நிறுத்தப்படவில்லை. கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும், காவல்காரரின் அறைக்கும், குப்பை வண்டியோடு வரும் பெண்களுக்கும் ஒவ்வொரு படி போகிறது. அண்மையில் அப்பெண்களுள் ஒருவர் தாளை வாசிக்கக் கேட்டுவிட்டு, "ஊசி, கண்ணாடித் துண்டெல்லாம் தனியா மடிச்சுக் குடுக்கச் சொல்லி எழுதுங்க, கையைக் கிழிக்குது" என்றார். அடுத்த மாதச் சுற்றறிக்கையின் முதல் நினைவூட்டல் அதுவாகவே இருந்தது.