சுழிப் பிழை

சென்ற பொங்கலுக்கு நெய்வேலி நகரியத்தில் எங்கள் வட்டத்து இளைஞர்கள் விளையாட்டு விழா நடத்தினார்கள். நீளம் தாண்டும் போட்டியில் எனக்கு அளவு நாடா வேலை. இயற்பியல் படிக்கிறவன், தவறமாட்டான் என்று நம்பிக் கொடுத்தார்கள்!

நாடா பழையது. முனையில் பத்து சென்டிமீட்டர் கிழிந்து போயிருந்தது. ஆகவே மணல் தடத்தில் அந்த முனையை வைத்து, தாண்டும் பலகையருகே வருகிற அளவில் பத்தைக் கழித்து எழுதவேண்டும். அளவைப் படித்துக் கழித்துச் சொல்லி வந்தவர் கடைசி நேரத்தில் தேநீர் குடிக்கப் போய்விட்டார். கடைசியாகத் தாண்டியவன் என் நண்பன். 5.48 என்று நானே படித்து எழுதினேன். மந்தாரக்குப்பத்துப் பையன் ஒருவன் 5.43 தாண்டியிருந்தான். எவர்சில்வர் குடம் என் நண்பனுக்குப் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஆய்வுக்கூடத்தில், "வெர்னியரைத் தொடுமுன் சுழிப் பிழையைப் பாருங்கள்" என்றார் ஆசிரியர். எனக்கு வியர்த்துவிட்டது. நான் பத்தைக் கழிக்கவே இல்லை!

அந்த வாரம் பேருந்தில் சக மாணவன் கைப்பேசியில் அமெரிக்கக் கால்பந்தாட்டம் காட்டினான். அதில் நான்கு முயற்சிகளுக்குள் பந்தைப் பத்து கஜம் முன்னேற்ற வேண்டும். ஐயம் எழுந்தால், இரு கம்பங்களுக்கிடையே பிணைத்த பத்து கஜச் சங்கிலியைத் திடலுக்குள் தூக்கி வருகிறார்கள். இடம் மாறும்போது பிசகாதிருக்க, திடலின் ஐந்து கஜக் கோடு ஒன்றுக்கு நேராகச் சங்கிலியில் ஒரு கவ்வி மாட்டிக்கொள்கிறார்கள். எத்தனை கவனம்! ஆனால் பந்து நின்ற இடத்தைக் குறிப்பதோ நடுவரின் வெறும் கண். 2025இல் என்.எஃப்.எல். போட்டிகளில் அளக்கும் வேலையைக் கேமராக்களிடம் கொடுத்துவிட்டு, சங்கிலியை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொண்டார்கள். பந்தை வைக்கும் இடத்தை அப்போதும் நடுவரே முடிவு செய்தார். நாடாவோ கேமராவோ, தொடங்கும் இடம் மனிதன் கையில்தான் என்று எனக்குத் தோன்றியது.

அவ்வளவு தூரம் போவானேன்? 1802இல் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் நிலம் அளந்த லாம்டன், வெப்பத்தில் அது நீள்வதைக்கூடக் கணக்கில் எடுத்துக்கொண்டார். மயிரிழை நீளம் அது. நான் விட்டதோ அரைச் சாண் அளவுக்குக் கொஞ்சம்தான் குறைவு!

நண்பனிடம் சொன்னேன். வெகுநேரம் அவன் பேசவில்லை. அவர்கள் வீட்டில் அந்தக் குடத்தில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். கடைசியில் அவன் தாயார்தான் தண்ணீரைக் கொட்டி, துடைத்து, எங்கள் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சைக்கிளில் மந்தாரக்குப்பம் போனோம். அந்தப் பையன் வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டான்.

"எனக்குப் பத்தைக் கழிச்சாங்களா?" என்றான்.

"கழிச்சாங்க."

தலையாட்டிவிட்டுக் குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.