சிப்பில் போன பாடங்கள்

மத்திய கிழக்குக்குப் போனவர்கள் கடிதத்தோடு கசட்டிலும் பேசி அனுப்பிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வந்த கசட்டைக் கேட்டுவிட்டு, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் ஒன்றாக அமத்திக்கொண்டு நாமும் பதில் பேசுவோம். நம் குரலோடு காகம் கரைவதும் அடுத்த வீட்டுப் பிள்ளை அழுவதும் சேர்ந்தே விழும். ஆனால் இரண்டு கசட் போடும் செட்டில் ஒன்றிலிருந்து மற்றதற்கு எடுக்கும்போது அப்படியல்ல. சத்தம் வெளியே வராமல் உள்ளாலேயே போய்விடும். காகம் தொண்டை கிழியக் கத்தினாலும் விழாது.

சகோதரிகளே, இந்த வெளிவழி, உள்வழி வித்தியாசம் விளங்கினால் கணினித் திரையில் நடப்பதைச் சத்தத்தோடு வீடியோவாக எடுக்கும் வேலையில் பாதி விளங்கிவிடும். எனக்கு அது தேவைப்பட்டது 2022இல்.

ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டிலிருந்தபடியே ஓ.எல். பிள்ளைகள் சிலருக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து வந்தேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதும் வகுப்பு ஸூமுக்கு மாறியது. என்னிடம் இருந்ததோ பழைய லெப்டொப். நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே. விண்டோஸ் போட்டால் அது எழும்புவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். மூத்த மகன் அதில் லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்தான். பணம் கட்டத் தேவையில்லாத இயங்குதளம் அது. அதன் பிறகு அந்தக் கிழட்டுப் பெட்டி மறுபடியும் நடக்கத் தொடங்கியது. ஸோர்னல் என்ற மென்பொருளைத் திறந்து, பேனாப் பலகையால் கணக்கை எழுதிக்கொண்டே பேசுவேன். பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து பார்ப்பார்கள்.

2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை பிற்போடப்பட்டு 2022 மே மாதத்தில்தான் நடந்தது. அதற்குமுன் வந்த மின்வெட்டு ஒருவருக்கும் மறந்திருக்காது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எழுத்துப் போட்டுப் பிரித்த வலயங்களில் எங்கள் பக்கம் கரண்ட் இருக்கும் நேரம் இன்னொரு பிள்ளையின் பக்கம் இருக்காது. அதிலும் ஒரு பிள்ளையின் நிலை தனி. அவளுடைய உம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். மூத்தம்மாவையும் இரண்டு தம்பிமாரையும் பார்த்துக்கொள்வது இவள்தான். மாலை ஏழு மணி வகுப்பு என்றால் அவளுக்கு அடுப்படி நேரம். “டீச்சர், நான் இந்த முறை எழுதல்ல, பொறகு பாப்பம்” என்று ஒருநாள் செய்தி அனுப்பினாள். பொறகு என்பது நம் பெண் பிள்ளைகளின் வாழ்க்கையில் பெரும்பாலும் வருவதில்லை என்பது முப்பது வருடம் கற்பித்தவளுக்குத் தெரியாதா? பாடத்தைப் பதிந்து சிப்பில் போட்டு அனுப்பத் தீர்மானித்தேன்.

முதலில் சிம்பிள் ஸ்கிரீன் ரெக்கோடர் என்ற மென்பொருளைப் போட்டோம். பெயருக்கேற்றபடி இலகுவானது, பழைய இயந்திரத்துக்கும் பாரமில்லை. திரையில் எந்தப் பகுதி வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டலாம். சத்தம் எங்கிருந்து வரவேண்டும் என்றும் அது கேட்கும். மைக்கைத் தெரிவு செய்தால் என் குரல் விழும். பட்டியலில் ‘மொனிட்டர்’ என்று தொடங்கும் ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்துத் திரை என்று நினைக்கக்கூடாது. ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தை உள்ளாலேயே பிடிக்கும் வழி அது, அந்த இரட்டைக் கசட் செட்டைப் போல. அதைத் தெரிவு செய்தால் ஸூமில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் தெளிவாக விழும். ஆனால் என் குரல் இல்லை! ஒரு நேரத்தில் ஒரு வழிதான். பாடமென்றால் இரண்டும் வேண்டுமே.

அதற்காக ஓ.பி.எஸ். ஸ்டூடியோவுக்கு மாறினோம். இதுவும் இலவசம்தான். இதில் மைக்குக்கு ஒரு கோடு, கணினிச் சத்தத்துக்கு ஒரு கோடு என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம், மூடலாம். கொஞ்சம் பாரமான மென்பொருள் என்பதால் படத்தின் அளவை 1280க்கு 720 ஆகவும், விநாடிக்கு 10 படமாகவும் குறைத்தேன். எழுத்து மெல்ல நகரும் கணிதப் பாடத்துக்கு அது தாராளம். முக்கால் மணி நேரப் பாடம் ஏறக்குறைய 120 எம்.பி.யில் அடங்கியது.

மின்வெட்டுக் காலத்தில் இன்னொன்று மிக உதவியது. அப்போது கோப்பை எம்.பி.4 ஆகச் சேமித்தால், கோப்பின் அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்பட்டது. நடுவில் கரண்ட் போய் லெப்டொப் நின்றால் (என் பெட்டியின் பெட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது) கோப்பு முழுவதும் திறக்காது. எம்.கே.வீ. என்ற வடிவத்தில் சேமித்தால் நின்ற இடம் வரைக்கும் பிழைத்துக்கொள்ளும். பிறகு ஓ.பி.எஸ்ஸின் கோப்புப் பட்டியலிலேயே அதைச் சில விநாடிகளில் எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம், போன்களுக்கு அதுதான் வசதி. நான்கு பாடங்கள் இப்படித்தான் தப்பின.

எழுதும் ஜன்னலை மட்டும் பதியும்படி வைத்திருந்தேன். பிள்ளைகளின் பெயர்களோ, நடுவில் வரும் வட்ஸ்அப் செய்தியோ படத்தில் வராது. ஆனால் குரல்? எல்லாப் பெற்றாரிடமும் முன்பே கேட்டேன். ஒரு தாய் மட்டும், “டீச்சர், எங்கட புள்ளட சத்தம் ஊர்ல உள்ள போனுக்கெல்லாம் போய்த்திரியுமா?” என்றார். அவர் கேட்டது நியாயம். எல்லாக் கேள்விகளையும் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சிப்பை எதிர்பார்த்திருந்த பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. “அவங்க கேக்கிறதுதான் டீச்சர் எனக்கும் விளங்காத இடம்” என்றாள். ஆகவே அந்தத் தாயின் மகள் வாயைத் திறந்ததும் கணினிச் சத்தத்தின் ஸ்பீக்கர் படத்தை அமத்தி மூடுவேன். கேள்வி முடிந்ததும் அதை என் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டு விடை சொல்வேன். இரண்டு வகுப்பில் கை பழகிவிட்டது.

மகன் தன் புது லெப்டொப்பில் முந்திய சிம்பிள் ரெக்கோடரைப் போட்டபோது படம் முழுக்கக் கறுப்பாக வந்தது. பழுது இல்லையாம். புதிய உபுண்டு வேலண்ட் என்ற முறையில் ஓடுகிறது. பழைய முறையில் எந்த மென்பொருளும் திரை முழுவதையும் எட்டிப் பார்க்கலாம். இதில் அப்படியில்லை. வாசலில் நின்று ஸலாம் சொல்லி அனுமதி கேட்பது போலக் கேட்கவேண்டும்; எந்த ஜன்னலைக் காட்டுவது என்று நம்மிடம் விசாரித்த பிறகே படம் கொடுக்கும். ஓ.பி.எஸ். 2021இல் வந்த 27ஆம் பதிப்பிலிருந்து இப்படிக் கேட்கப் பழகியிருக்கிறது. எனக்கு இந்த முறைதான் பிடித்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அந்தப் பிள்ளையின் தம்பி சிப்பைக் கொண்டுவருவான். புதுப் பாடங்களைப் போட்டுக் கொடுப்பேன். தம்பிமார் தூங்கிய பிறகு, கரண்ட் இருக்கும்போது சார்ஜ் போட்டு வைத்த போனில் அவள் பார்ப்பாள். திரிகோண கணிதப் பாடத்தை ஐந்து தடவை பார்த்ததாகச் சொன்னாள். மே மாதம் பரீட்சை எழுதினாள். கணிதத்தில் ‘சி’ கிடைத்தது.

மொத்தம் 31 பாடங்கள் இப்போதும் என்னிடம் உண்டு. போன வருடம் அந்தத் தாய், குரல் வேண்டாம் என்றவர், இளைய மகளோடு வந்து அவற்றைக் கேட்டார். சிப்பில் போட்டுக் கொடுத்தேன். மூத்தவளின் குரல் எங்கும் இருக்கிறதா என்று அங்கேயே இருந்து இரண்டு பாடத்தை ஓடவிட்டுக் கேட்டுவிட்டுத்தான் போனார்.