ஒரு கித்தாரின் மதிப்பு

நாம் பணிபுரிவது கரக்பூர் இரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில். மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்றுவிட்ட நமக்கு உலகியலைக் கற்பித்த கல்லூரி அதுவேயாகும். மாற்றலாகிச் செல்வோரின் கட்டில்கள், மிதிவண்டிகள், மீன் கூடைகள், தையல் இயந்திரங்கள் யாவும் அன்றாடம் நம் கண் முன்னே தராசில் ஏறி இறங்குகின்றன.

அங்கே ஒரு விதி உண்டு. அனுப்புகிறவர் தம் பொருளின் மதிப்பை எழுத்தில் அறிவித்து, அதற்குரிய சதவீதக் கட்டணத்தையும் செலுத்தினாலொழிய, அது தொலைந்துபோனால் கிலோ ஒன்றுக்கு 50 ரூபாய் என்ற வரம்புக்கு மேல் இரயில்வே பொறுப்பேற்பதில்லை. பட்டுச் சேலையாயினும் பழந்துணியாயினும் தராசுக்கு ஒன்றுதான். பெரும்பாலோர் மதிப்பு எழுதும் கட்டத்தை வெறுமையாகவே விட்டுச் செல்வர். பதினேழு ஆண்டுகளாக அத்தகைய தாள்களில் முத்திரை குத்தி வருகிறோம். அவ்விதியின் உட்பொருளை நாம் உணர்ந்தது சென்ற கோடையில்தான். உணர்த்தியது, நம் வீட்டுக் கூடத்தில் மூன்று வாரம் தங்கியிருந்த ஒரு பழைய மின்சாரக் கித்தார்.

நமக்கு அடுத்த வீட்டில் ஆங்கிலோ-இந்திய மூதாட்டியார் ஒருவர் வாழ்கிறார். நம் குடும்பத்தார் அனைவருக்கும் அவர் ‘ஆன்ட்டி’. அவருடைய கணவர் இரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் இரயில்வே இன்ஸ்டிடியூட்டின் கிறிஸ்துமஸ் நடனங்களுக்குக் கித்தார் வாசித்தவர். ஓய்வுக்குப் பின்னும் சனிக்கிழமை மாலை தவறாமல் அவர் வீட்டிலிருந்து வாத்திய ஒலி கேட்கும். அவர் காலமாகி ஓராண்டு கடந்தது. மழைக்காலத்துக்குள் கூரையைச் செப்பனிட ஆன்ட்டிக்குப் பணம் தேவைப்பட்டது. கொல்கத்தாவிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் கித்தாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதில் பாதி செத்துப்போயிற்று அம்மா. பழைய கொரியச் சரக்கு. 8,000 ரூபாய் தருகிறேன்” என்று சொல்லிச் சென்றாராம்.

ஆன்ட்டி அதை உறையோடு நம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். “தினமும் பிறர் சாமான்களைப் பார்க்கிறவர் நீங்கள். உண்மையான விலை என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

நமக்குச் சங்கீதமும் தெரியாது, கித்தாரும் தெரியாது. ஆனால் நம் தம்பிக்குத் தெரியும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் அவன், அந்தக் கார்டு ஐயாவிடம் இதே கித்தாரில்தான் கற்றுக்கொண்டவன். ஆன்ட்டி வாசலைத் தாண்டியதும், “அண்ணா, எட்டாயிரம் என்றால் நாமே வாங்கிக்கொள்ளலாமே” என்றான். மறைப்பானேன், நம் உள்ளமும் அதற்கு முன்பே அக்கணக்கைப் போடத் தொடங்கியிருந்தது. மதிப்பிடச் சொன்னவரிடம், மதிப்பிடும் முன்பே வாங்குகிறவராக நாம் மாறிவிட்டோம்.

மின்சாரக் கித்தார்கள் எல்லாம் ஒரே வகையல்ல என்பதைத் தம்பி விளக்கினான். ஒரு வகைக்கு உடல் முழுதும் திண்மையான கட்டை. மற்றொரு வகைக்கு நம் வீணைக்குப் போலக் குடம் உண்டு. குடமுள்ளதன் நாதம் கனிவானது. ஆனால் ஒலிபெருக்கியின் ஓசையை அதுவே மீண்டும் வாங்கி ஊளையிடத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே வழி கண்டது அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம். 1958-இல் அது வெளியிட்ட ஈ.எஸ். 335 என்னும் கித்தாரில், உடலின் நடுவே மேப்பிள் மரக் கட்டை ஒன்று நெடுக ஓடும். இரு புறங்களிலும் வெற்றறைகள். முகத்தில் எஃப் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் இரண்டு துளைகள். செமி ஹாலோ என்று அழைக்கப்படும் இதனை அரைக்குடக் கித்தார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

கார்டு ஐயா தம்பிக்குச் சொன்ன கதை ஒன்றும் உண்டு. பி.பி. கிங் என்ற புகழ்பெற்ற நீக்ரோவர் இசைக் கலைஞர்—இன்று கறுப்பின அமெரிக்கர் என்பதே முறை—1949-இல் ஆர்க்கன்சா மாநிலத்து ட்விஸ்ட் என்னும் சிற்றூரில் வாசித்துக்கொண்டிருந்தபோது, இருவர் அடித்துக்கொண்டதில் மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்து கூடம் தீப்பற்றியது. வெளியேறியவர் தம் கித்தாரை நினைத்து மறுபடியும் தீக்குள் ஓடி அதை மீட்டார். அவர்கள் சண்டையிட்டது லூசில் என்ற பெண்ணின் பொருட்டு என்று அறிந்து, தம் கித்தாருக்கு அப்பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் அவர் கையில் விளங்கிய லூசில்கள் இந்த அரைக்குட இனத்தவையே. உயிரைப் பணயம் வைத்து மீட்ட அந்தக் கித்தாரின் விலை வெறும் 30 டாலர் என்பர்.

இனி நம் சோதனைக்கு வருவோம். பழைய கித்தார் வாங்கவோ விற்கவோ நேரும் அன்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால் சற்று விரித்தே எழுதுகிறோம்.

முதற்சோதனை பெயர். 1958-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த அசல் கிப்சன் என்றால் விலை பல லட்சம் ரூபாய். ஆகவே போலிப் பெயர் தாங்கியவையும் உலவுகின்றன. கித்தாரின் தலையில் உள்ள சிறு மூடியை அசல் கிப்சனில் இரண்டு திருகுகளே பிடித்திருக்கும். மூன்று இருப்பின் ஐயம் கொள்க. நம்மிடம் இருந்ததோ எபிபோன். அந்த நிறுவனத்தைக் கிப்சன் 1957-இல் விலைக்கு வாங்கி, பிற்காலத்தில் தன் வடிவங்களையே அப்பெயரில் ஆசிய நாடுகளில் குறைந்த விலைக்குச் செய்வித்தது. தலையின் பின்புறம் எஸ் 98 என்று தொடங்கும் எண் இருந்தது. எஸ் என்பது கொரியாவின் சாமிக் தொழிற்சாலையையும், 98 என்பது 1998-ஆம் ஆண்டையும் குறிக்கும். ஆன்ட்டியின் சகோதரர் ஆஸ்திரேலியாவிலிருந்து அதைக் கொண்டுவந்தது 1999-இல் என்பதும் இதனோடு பொருந்தியது. ஆகப் பொருள் போலியன்று, அரும்பொருளும் அன்று. தன் பெயரைத் தானே உண்மையாகச் சொல்லும் நல்ல கித்தார்.

இரண்டாவது தண்டி. நம் பாதை ஆய்வாளர் குனிந்து ஒற்றைக் கண்ணால் தண்டவாளத்தின் நேர்மையைப் பார்ப்பாரே, அவ்விதம் தலையிலிருந்து உடல் வரை பார்க்க வேண்டும். பிறகு ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒருசேர அழுத்தினால், நடுவில் தடித்த தாள் நுழையும் அளவு இடைவெளி இருத்தல் நலம். மிகுந்தால் வளைவு, இல்லாதுபோனால் எதிர்வளைவு. தண்டிக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் மரையைத் திருகி இதைத் திருத்தலாம். அந்த மரை துருப்பிடித்து இறுகியிருந்தால் விலை சரியும். நம்முடையது நேராக இருந்தது, மரையும் சுழன்றது.

மூன்றாவது கழுத்து. இவ்வகைக் கித்தாரின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழே விழுந்தால் முதலில் முறிவது கழுத்தே. முறிந்ததை ஒட்டி வர்ணம் பூசினால் எளிதில் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நகத்தால் வருடிப் பார்த்தால் வரப்பு தட்டுப்படும். ஒட்டுக் கழுத்தும் நன்றாகவே வாசிக்கும். ஆயினும் சந்தையில் விலை பாதியளவுக்குக் கூட இறங்கிவிடும். நம் தம்பி மூன்று முறை வருடினான். ஒட்டு இல்லை.

நான்காவது மெட்டுகள். வீணையைப் போல மெழுகில் பதித்தவையல்ல இவை. ஈட்டி மரப் பலகையில் அடித்து இறக்கிய உலோகக் கம்பிகள். தலைப்பக்கத்து மெட்டுகளில் தந்தி உராய்ந்த பள்ளங்கள் இருந்தன. ஆன்ட்டியின் கணவர் எந்தச் சுரங்களில் அதிகம் குடியிருந்தார் என்பதை அப்பள்ளங்களே சொல்லின என்றான் தம்பி. அவற்றைத் தேய்த்துச் சமன்படுத்த வேண்டும். வங்காளத்து ஈரக்காற்றில் குதிரையும் துருவேறியிருந்தது.

கடைசியாக மின்சாரப் பகுதி. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்னும் காந்தச் சுருள்கள் இரண்டு. அவற்றுள் கழுத்துப் பக்கத்துச் சுருள் ஊமையாக இருந்தது. வியாபாரி ‘செத்துப்போயிற்று’ என்றது இதைத்தான். சிக்னல் பிரிவில் பணியாற்றும் தெலுங்கு நண்பர் ஒருவர் ஞாயிறன்று தம் மல்டிமீட்டரோடு வந்தார். திண்கட்டைக் கித்தாரில் மூடியைக் கழற்றினால் கம்பிகள் தெரியும். அரைக்குடத்திலோ அனைத்தையும் எஃப் துளை வழியாகவே வெளியே எடுக்க வேண்டும். திரும்ப வழி தெரியும்பொருட்டு ஒவ்வொன்றிலும் நூலைக் கட்டி, அரைநாள் உழைத்து, மாற்றுச் சுவிட்சை வெளியே இழுத்தார். பார்த்தால், சுருளிலிருந்து வந்த கம்பி சுவிட்சிலிருந்து விடுபட்டு அந்தரத்தில் நின்றது. அதை மீட்டரில் வைத்தபோது எட்டாயிரம் ஓம் அளவு காட்டியது. அத்தகைய சுருளுக்கு அது சரியான அளவே.

“சாகவில்லை ஐயா, பேச வழியில்லாமல் இருந்திருக்கிறது. ஒரு பொட்டு ஈயம் போதும்” என்றார் நண்பர். உடனே சிரித்துக்கொண்டு, “வியாபாரி சொன்ன விலைக்கே முடித்துவிடுங்கள். நாம் மூவர் தவிர யாருக்குத் தெரியப் போகிறது?” என்றார்.

மூன்று இடங்களில் விசாரித்தோம். நல்ல நிலையிலுள்ள இதே வகை 28,000 முதல் 33,000 ரூபாய் வரை கைமாறிக்கொண்டிருந்தது. மெட்டு வேலை, புதிய குதிரை, பிற செலவுகளுக்கு 5,000 கழித்தால் 25,000 ரூபாய் நியாயமான விலை. நம் கையிலோ 8,000-க்கே வழி இருந்தது.

இரண்டு இரவுகள் நாம் ஒன்றும் சொல்லாமல் இருந்தோம். தம்பியும் ஒன்றும் கேட்கவில்லை. ‘வியாபாரி கொடுப்பதைத்தானே நாமும் கொடுக்கிறோம், இதில் வஞ்சகம் என்ன?’ என்று மனம் வழக்காடியது. மூன்றாம் நாள் காலை, நம் அன்னையார் கூடத்தில் அந்த உறையின் மேல் படிந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது பழைய நினைவு ஒன்று எழுந்தது.

நம் தந்தையார் பணியிலிருக்கும்போதே மறைந்தார்; அவ்வழியேதான் நமக்கு இவ்வுத்தியோகம் கிட்டியது. அன்று செலவுக்கு வேண்டி விற்றவற்றுள் அவருடைய ஆர்மோனியமும் ஒன்று. ரீடுகள் செத்துவிட்டன என்று சொல்லி 900 ரூபாய்க்கு எடுத்துச் சென்றார் ஒருவர். சில மாதங்களுக்குப் பின், பஜனை மடத்தில் அதையே வாசித்தவர், துருத்தியில் ஒரு கிழிசலைத் தவிர வேறு குறையே இல்லை என்றார். அன்று அன்னையார் பணத்துக்காக வருந்தவில்லை. “உங்கள் அப்பா கடைசிவரையில் செத்த பெட்டியையா வாசித்துக்கொண்டிருந்தார் என்று நானே நம்பிவிட்டேனே” என்று சொல்லித்தான் அழுதார்.

அன்று மாலையே பார்சல் ரசீது எழுதுவது போல ஒரு தாளில் ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதினோம். பெயர், ஆண்டு, தண்டி, கழுத்து, மெட்டு, சுருள், கூட்ட வேண்டியது, கழிக்க வேண்டியது, முடிவில் ரூ. 25,000. அதைத் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். படித்தான். பிழையில்லை என்று மட்டும் சொல்லி எழுந்து போனான்.

ஆன்ட்டி தாளை வாங்கிக்கொண்டார். ஆனால் விலையை முதலில் பார்க்கவில்லை. “செத்துப்போனது என்றாரே, அது?” என்று கேட்டார். நண்பர் ஈயம் வைத்து முடித்திருந்தார். தம்பி ஊமையாயிருந்த சுருளைத் திருப்பி, கார்டு ஐயா சனிக்கிழமைகளில் வாசிக்கும் மெட்டை மெல்ல எழுப்பினான். ஆன்ட்டி நாற்காலியில் அமர்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். முடியும் வரை பேசவில்லை. பிறகு, “உன் அண்ணன் எழுதியதை மறந்துவிடு. எட்டாயிரத்துக்கு நீயே எடுத்துக்கொள்” என்றார் தம்பியிடம்.

தம்பி நம்மை நோக்கினான். நாம் அவருடைய கூரையை நோக்கினோம். அது ஒழுகிய கறை சுவரில் தெரிந்தது. “வேண்டாம் ஆன்ட்டி” என்று அவனே சொன்னான்.

பத்து நாட்களுக்குப் பின் கொல்கத்தாவில் இசை கற்பிக்கும் ஒருவர் 24,000 ரூபாய்க்கு அதை வாங்கினார். கொண்டுபோய்க் கொடுத்தவன் தம்பி. ஹவுரா வரை சுமார் 115 கிலோ மீட்டர் தூரமும் அதை மேல்தட்டில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தானாம். கூரை வேலை மழைக்கு முன் முடிந்தது. தம்பி ஒரு மாத காலம் நம்மோடு அளந்துதான் பேசினான். தீபாவளி போனஸில் எளிய கித்தார் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், அதில் பயில்கிறான். ஆயினும் அந்தக் கனிந்த நாதம் அதில் இல்லை என்பது நமக்கே தெரிகிறது.

அன்பர்களே, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில் மாற்றல் உத்தரவு வந்தாலும், ஒருவர் மறைந்தாலும், ஒரு வாரத்தில் வீட்டை ஒழிக்க நேரிடுகிறது. வாசலில் தராசோடு நிற்பவர் சொல்வதையே விலையென்று நம்பிக் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கித்தாரின் எடை நான்கு கிலோவுக்கும் குறைவு. எங்கள் அலுவலக விதிப்படி, வெறுமையான கட்டத்தோடு அது வந்திருந்தால் 200 ரூபாய்ச் சரக்கு. விற்பதில் தவறில்லை. விற்கும் முன் அப்பொருளை அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். கூடுமானால் அதை வாங்க ஆசையில்லாதவராகப் பாருங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் நம் அலுவலகத்தில் யாரேனும் மதிப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டுத் தாளை நீட்டினால், முத்திரையைக் கையில் எடுக்கும் முன், “உள்ளே என்ன இருக்கிறது?” என்று ஒருமுறை கேட்டுவிடுகிறோம்.