காரும் கணக்குப் புத்தகமும்

"மோட்டார்க் கார் வாங்குவது ஒரு நாளைய அலுவல், அதை வைத்திருப்பது ஆயுட்கால அலுவல்" என்று என் தந்தையார் அடிக்கடி கூறுவார். கல்யாணத்தைப் பற்றியும் அவர் இதையே கூறுவதுண்டு. ஆனால், அதை அம்மா அடுக்களையில் இல்லாத வேளை பார்த்தே கூறுவார்.

சென்ற ஆண்டு என் மகள் ஒரு கார் வாங்க எண்ணி, "அப்பா, எதை எதைப் பார்த்து வாங்க வேணும்?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். எஞ்சின் வித்தை கற்றவன் அல்லன். ஆயினும் என் அலுமாரியிலே தந்தையாரின் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதைத் தூசி தட்டி எடுத்தேன். அதிலிருந்த பாடங்களையும், அதில் எழுதப்படாத ஒரு பாடத்தையும் வாசகர்களுக்கும் கூறிவிடலாமென்று தோன்றுகிறது.

1964ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. தந்தையார் வடமராட்சியிலே ஒரு கிராமப் பாடசாலையில் ஆசிரியராயிருந்தார். பல வருடச் சேமிப்பும் அம்மாவின் காப்புச் சோடி ஒன்றின் விலையுமாகச் சேர்ந்த பணத்தை மடியிலே கட்டிக்கொண்டு, பழைய கார் ஒன்று பார்ப்பதற்காக யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் புறப்பட்டார். துணைக்கு எங்கள் ஊரிலே கராஜ் வைத்திருந்த முதியவர் ஒருவர் வந்தார். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன்.

காரோ கண்ணாடி போலப் பளபளத்தது. சொந்தக்காரர் திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் உடனே இயங்கியது. தந்தையாரின் முகம் மலர்ந்தது. முதியவர் மாத்திரம் மலரவில்லை. அவர் வந்தவுடனேயே முன்மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருந்தார்.

"வாத்தியார், நாங்கள் வரமுந்தியே எஞ்சின் சூடாய்க் கிடந்தது. நாளைக்கு விடியக் காலமை சொல்லாமல் வருவம்" என்றார் மெதுவாக.

மறுநாள் சொல்லாமற் போனோம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சின் நெடுநேரம் இருமிய பின்னரே எழுந்தது. எழுந்ததும் பின்குழாயிலிருந்து நீலப் புகை மண்டியது. நீலப் புகையென்றால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது; வெண்புகை நில்லாமல் வந்தால் தண்ணீர் உள்ளே கசிகிறது; கரும்புகையென்றால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது என்று அன்று முதியவர் எனக்குப் பாடஞ் சொன்னார். பின்னர் துணியிற் சுற்றிய காந்தத் துண்டொன்றைக் காரின் உடம்பெங்கும் வைத்துப் பார்த்தார். இரண்டு இடங்களில் அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அங்கே தகரம் கறள் தின்று போக, மக்கு அப்பிப் பூச்சுப் பூசியிருந்தார்கள்.

அந்தக் காரை விட்டுவிட்டோம். இரண்டு மாதங் கழித்து 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ 40 ஒன்று கிடைத்தது. பார்வைக்கு மங்கலானது, ஆனால் விடியற்காலைக் குளிரிலும் ஒரே கூப்பிட்டுக்கு எழும்பியது. கையிலிருந்த பணம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிடாமல், பத்தில் இரண்டு பங்கைத் தந்தையார் ஒதுக்கி வைத்துக்கொண்டார். ரயர், பற்றரி, ஒயில், காப்புறுதி என்று முதலாம் வருடத்திலேயே கார் கை நீட்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். "உள்ள காசெல்லாத்தையும் காரிலை போட்டவன் காரை ஓட்டமாட்டான்; கார்தான் அவனை ஓட்டும்" என்பார்.

அன்று தொடங்கியதே அந்தக் கணக்குப் புத்தகம். அதிலே மூன்று பத்திகள். முதலாவது, திகதியும் மைற் கணக்கும். இரண்டாவது, செலவு. மூன்றாவது பத்தியின் தலைப்பு "யார் பொருட்டு" என்பது. கார் எவருக்காக ஓடியது என்று ஒவ்வொரு முறையும் அவர் எழுதி வைத்தார். பிரசவத்துக்குப் போன அயல்வீட்டுப் பெண், பரீட்சைக்குப் பிந்திய மாணவன், செத்தவீட்டுக்குப் போன உறவினர் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். எங்கள் குடும்பத்தின் பெயர் அருமையாகவே வரும். இளமையில் அதைப் பார்த்து நான் சிரித்ததுண்டு.

1986இல் தந்தையார் காலமானார். காரும் புத்தகமும் என் கைக்கு வந்தன. செலவுக் கணக்கை எழுதினேன். மூன்றாவது பத்தியை வெறுமையாக விட்டேன்.

1990ஆம் ஆண்டின் பின்னர் யுத்தத்தின் காரணமாக யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயிலே ஓட்டப் பழகிக்கொண்டோம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிலே எளிதில் ஆவியாவதில்லை, ஆதலால் பற்றாது. சிறு குப்பியிலுள்ள பெற்றோலைச் சில துளிகள் காபுரேற்றருக்குள் விட்டு, எஞ்சினை எழுப்பிச் சூடாக்கிய பின்னரே அது மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும். எரியாத மண்ணெண்ணெய் கீழே கசிந்து ஒயிலை நீர்ப்பாக்கிவிடும். ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்றாதவர்களுடைய எஞ்சின்கள் விரைவிலே தேய்ந்தன. எப்படியோ, அக்காலத்தில் கார் வைத்திருப்பவனின் உண்மையான சொத்து கார் அன்று; அந்தச் சிறு குப்பிதான்.

1993ஆம் ஆண்டு மாரி காலம். உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குக் காரிலேயே போய் இறங்க வேண்டுமென்று எனக்கு ஆசை. சைக்கிளிலே போகக்கூடிய தூரந்தான். ஆனாலும், எல்லோரும் சைக்கிளில் வரும்போது காரில் வருபவனுக்கு ஒரு மதிப்பல்லவா? போகும்போது சில துளிகள், திரும்பும்போது சில துளிகள். குப்பி வெறுமையாயிற்று. நாளைக்கு எங்கேயாவது தேடிக்கொள்ளலாமென்று படுத்துவிட்டேன்.

நடுச்சாமத்திலே படலையடியில் ஒரு பெண்ணின் குரல். "மாஸ்ரர் அண்ணை! மாஸ்ரர் அண்ணை! பிள்ளையைப் பாம்பு கடிச்சுப் போட்டுது!"

அடுத்த ஒழுங்கையில் வசிப்பவர். ஒன்பது வயது மகனைப் புடையன் தீண்டியிருந்தது. சிறுவனின் கால் வீங்கிக்கொண்டிருந்தது. நான் காருக்குள் ஏறியிருந்தேன். ஆனால் என்ன பயன்? ஐந்து ஆண்கள் மழைச் சேற்றிலே காரைத் தள்ளினார்கள். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயை மணந்தும் பார்க்கவில்லை. தள்ளுவதும் நிற்பதுமாக நேரம் போயிற்று. "என்ன அண்ணை, பெற்றோல் கொஞ்சமும் இல்லையோ?" என்று ஒருவர் கேட்டார். நான் பதில் கூறவில்லை. கல்யாணத்துக்குப் போட்டுச் சென்ற பட்டுவேட்டி வீட்டுக் கொடியிலே தொங்குவது என் கண்முன் வந்தது.

கடைசியில் ஒரு கமக்காரர் தோட்டத்துக்கு ஓடினார். தண்ணீர் இறைக்கும் மெசினை எழுப்புவதற்காக அவர் கொட்டிலிலே ஒளித்து வைத்திருந்த மருந்துக் குப்பியளவு பெற்றோலைக் கொண்டு வந்து தந்தார். மறுநாள் பயிருக்கு அவர் எப்படித் தண்ணீர் இறைப்பார் என்று அப்போது எவரும் கேட்கவில்லை. கார் எழும்பியது. மந்திகை ஆசுபத்திரியை அடைந்தபோது நாற்பது நிமிடங்கள் வீணாகியிருந்தன.

பையன் பிழைத்துக்கொண்டான். ஆயினும் பல வாரங்கள் படுக்கையிற் கிடந்தான். அவனுடைய காலிலே பெரியதொரு வடு நிலைத்துவிட்டது. சில நாட்களின் பின் அவன் தாய் என் வீட்டுக்கு வந்து, "உங்கடை கார் இல்லாட்டி என்ரை பிள்ளை இல்லை, அண்ணை" என்று கண் கலங்கினார். என் வாழ்நாளில் எவருடைய ஏச்சும் அந்த நன்றியைப் போல என்னைச் சுட்டதில்லை. அன்று இரவே தந்தையாரின் புத்தகத்தை எடுத்து மூன்றாவது பத்தியை மீண்டும் எழுதத் தொடங்கினேன். கல்யாணப் பயணத்துக்கு நேரே "என் பெருமையின் பொருட்டு" என்று எழுதினேன். அடுத்த வரியில் அச்சிறுவனின் பெயரை எழுதினேன்.

அதன் பின்னர் குப்பி ஒருபோதும் வெறுமையாயிருந்ததில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து வந்தபோது, நடக்கமாட்டாத முதியவர்கள் பலரை அந்த ஒஸ்ரின் சுமந்தது. அவர்களிற் பலருடைய பெயரை நான் அறியேன். "ஒரு பாட்டனார்", "ஒரு தாயும் கைக்குழந்தையும்" என்றே புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். 2002இல் கண்டி வீதி திறந்த மறு வருடம், பழைய கார்களைச் சேகரிக்கும் கொழும்பு அன்பர் ஒருவருக்கு அதனை விற்றேன்.

இனி, மகளின் கேள்விக்கு வருவோம். 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் வரியோடு சேர்ந்த புதிய காரின் விலை எங்கள் கைக்கு எட்டுவதன்று. ஆகவே பாவித்த யப்பானியக் கார் ஒன்றையே பார்த்தோம். காலம் மாறியபோதிலும் பாடம் மாறவில்லை. விடியற்காலையிற் போனோம், முன்மூடியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. மீற்றர் காட்டும் தூரத்தைப் பிறேக் மிதியின் தேய்வோடு ஒப்பிட்டோம். மீற்றர் இளமை பேசும். மிதியின் றப்பர் உண்மை பேசும். ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்தோம். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. பெற்றோலும் மின்னும் சேர்ந்து ஓட்டும் கார் ஆதலால், பெரிய பற்றரியைக் கருவி பூட்டிச் சோதிப்பித்தோம். பின்னாசனத்தின் அருகே அப்பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரம் தூசியால் அடைபட்டால், அது சூடேறிக் கெட்டுவிடுமாம்.

ஆயினும் எஞ்சினைப் பார்ப்பதிலும் முக்கியம் பத்திரத்தைப் பார்ப்பது. சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். நிதிக் கம்பனி எதற்காவது கடன் பாக்கி உண்டா என்று அறிய வேண்டும். பெயர் மாற்றாமல் முன்னையவரின் கையொப்பத்தோடு மாத்திரம் கைமாறும் "திறந்த பத்திர"க் காரை நம்பிப் பணங் கொடுத்தல் ஆகாது. காரை ஓட்டுபவர் ஒருவர், சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் வேறொருவர் என்றால், விபத்தொன்று நேர்ந்த நாளில் இருவருமே அவதிப்படுவார்கள். விற்பவரும் பெயர் மாற்றப்பட்டதை உறுதி செய்தபின்னரே நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

மகள் கார் வாங்கிவிட்டாள். பெற்றோல் முள் பாதிக்குக் கீழே இறங்கினால் நான் பதறுவதைக் கண்டு சிரிக்கிறாள். 2022இல் வாரத்துக்கு இருபது லீற்றர் என்று அளந்து தந்த காலத்தைக் கண்டும் அவள் சிரிப்பதுதான் எனக்கு வியப்பு! ஆனால், நான் வாங்கிக் கொடுத்த புதிய கொப்பியிலே மூன்று கோடுகள் இழுத்துத் தலைப்பும் எழுதியிருக்கிறாள்.

சென்ற வாரம் அதன் முதற் பயணம். அடுத்த ஒழுங்கை அம்மையாருக்கு இப்போது எண்பது வயதாகிறது. கண் வைத்தியத்துக்காக அவரை மந்திகைக்குக் கூட்டிச் சென்றோம். காரில் ஏறியதும், "இது உடனை ஸ்ராட் வருமோ, அண்ணை?" என்று கேட்டு அம்மையார் சிரித்தார். முப்பது வருடங்களுக்கு மேலாக அவர் அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லேனும் பேசியதில்லை. எல்லாவற்றையும் அவர் அறிந்தேயிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மகள் பொத்தானை அழுத்தினாள். ஓசையின்றிக் கார் புறப்பட்டது.