எலிப்பொறியும் மனச்சான்றும்

பெங்களூரு பிரேசர் டவுனில் ஒரு பழைய வீடு. மூன்று தலைமுறையாக அங்கு வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் மழைக்காலம் ஒன்றில் எலித்தொல்லை மிகுந்தது. அரிசி மூட்டை கடிபட்டது. தவழும் குழந்தையின் பால்புட்டி மூடியில் பல்தடம் தெரிந்தது. குழந்தையின் தந்தை கடையிலிருந்து பசை அட்டை ஒன்றை வாங்கிவந்து அடுப்பு மேடையின் கீழே வைத்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எலி கத்தத் தொடங்கியது. ஆறு மணி ஆகியும் அது சாகவில்லை. காலைத் திருப்பலிக்குப் புறப்பட்ட பாட்டி அதைக் கண்டு நின்றுவிட்டார்.

"கொல்ல வேண்டியதுதான். ஆனால் இப்படியா கொல்வது?" என்று மகனிடம் கேட்டார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரம்மா பதில் சொல்வது?" என்றார் மகன்.

இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கி உயிரையும் பறிக்கக்கூடியது. தந்தையின் அச்சத்தை மிகையென்று தள்ள இயலாது. பாட்டியின் கேள்வியோ கிறித்தவச் சிந்தனையில் ஈராயிரம் ஆண்டுகளாகத் தொடர்வது.

தொடக்கநூலின் முதல் அதிகாரம் உயிரினங்களை ஆளும் பொறுப்பை மனிதனிடம் ஒப்படைக்கிறது. இரண்டாம் அதிகாரம் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அவனைப் பணிக்கிறது. ஒன்பதாம் அதிகாரம் இன்னும் வியப்புக்குரியது. நோவாவுக்கு இறைச்சி உண்ண இசைவு கிடைப்பதும், கடவுள் தம் உடன்படிக்கையை எல்லா உயிர்களோடும் செய்துகொள்வதும் அந்த ஓர் அதிகாரத்திலேயே நிகழ்கின்றன. கொல்ல இசைவும் உயிரின் மதிப்பும் அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

'கொலை செய்யாதே' என்னும் கட்டளை விலங்குகளுக்குப் பொருந்தாது என்று புனித அகுஸ்தீன் வாதிட்டார். விலங்குகளிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பது 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் கொண்ட கருத்து. அங்கே விலங்கின் வலி தனக்கெனப் பொருட்படுத்தப்படவில்லை என்று இக்காலத்தவர் குறை கூறுவது பொருத்தமே. எனினும் அந்தக் குறை மரபுக்குள்ளேயே திருத்தப்பட்டு வந்திருக்கிறது. 1824இல் லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் உருவாக முன்னின்றவர் ஆர்தர் புரூம் என்னும் ஆங்கிலிக்கக் குரு. சங்கத்தின் கடனுக்காக அவர் சிறைக்கும் சென்றார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2418ஆம் பத்தியில், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானவை என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலும் அதனை நினைவூட்டுகிறது.

திருக்குறள் கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது. சமணம் அதனை முதல் அறமாக்கியது. கிறித்தவம் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. அது கேட்பது 'தேவை உண்டா?' என்பதையே. அப்படியாயின் தேவையை யார், எப்படி அளப்பது?

அந்த வீடு நிற்கும் மண்ணிலேயே ஒரு விடை இருக்கிறது. 1898 ஆகஸ்டில் பிளேக் பெங்களூருக்குள் நுழைந்தது. மக்கள் திரளாக மடிந்தனர். நகரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. அதே ஆண்டு கராச்சியில் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று கண்டார். எலி இறந்தால் தெள்ளு வேறு உடலைத் தேடும்; ஆகவே எலியைக் கொல்வது மட்டும் காப்பாகாது. பின்னர் தண்டுப் பகுதியில் 'பிளேக் அணுகாத நகர்' என்னும் நோக்கோடு பிரேசர் டவுன் அமைக்கப்பட்டது. எலி குடிபுக இடந்தராத வீடுகளே அதன் அடிப்படை. அந்த நகரமைப்பு முறையைப் பற்றி ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914இல் ஒரு நூலே எழுதினார். அறத்தை எண்ணி அவ்வாறு கட்டினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வழியை அடைத்துவிட்டால் கொலைக்குரிய தேவை குறைகிறது என்னும் உண்மையை அந்தத் தெருக்கள் காட்டுகின்றன.

தேவையின் அளவு கருவியையும் சார்ந்தது. வில் பொறி பெரும்பாலும் நொடியில் கொல்லும். குருதி உறைவதைத் தடுக்கும் எலி மருந்து பல நாட்கள் எடுத்துக்கொள்ளும்; நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையையும் அது விடாது. பசை அட்டையில் ஒட்டிய எலி பசியாலும் தாகத்தாலும் சோர்வாலும் மணிக்கணக்கில் சாகும். இந்திய விலங்கு நல வாரியம் பசை அட்டைகளுக்கு எதிராக அறிவுறுத்தியுள்ளது. தேவையற்ற வலியைத் தருவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கும் ஒவ்வாதது.

ஆப்பிரிக்காவின் லாம்பரேனேயில் மருத்துவம் புரிந்த ஆல்பர்ட் சுவைட்சர், உயிருக்கு வணக்கம் என்னும் கொள்கையை வகுத்தவர். நோயாளியைக் காக்க நோய்க்கிருமிகளை அவர் கொன்றார். ஆயினும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொறுப்பைத் தாமே சுமக்க வேண்டும் என்றார். பழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள அவர் விரும்பவில்லை.

அன்று காலை பாட்டி திருப்பலிக்குச் செல்லவில்லை. மகன் அட்டையைக் கொல்லைக்கு எடுத்துச் சென்று மண்வெட்டியால் ஒரே அடியில் முடித்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. ஞாயிறன்று சாக்கடைத் துளைக்குக் கம்பிவலை வைத்துச் சிமெண்டு பூசினார். அரிசியைத் தகர டின்னுக்கு மாற்றினார். ஒரு வில் பொறியும் வாங்கினார், ஏனெனில் குழந்தை இன்னும் தரையில்தான் தவழ்கிறது. பாட்டி அதனை மறுக்கவில்லை. எஞ்சியிருந்த பசை அட்டைகளை மட்டும் எடுத்துக் குப்பையில் போட்டார்.