மூன்று பெயர் கொண்ட செடி

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வரும் பஸ் மாத்தளையும் அக்குறணையும் தாண்டிக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்ததும் மகாவலி தெரியும். இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில்தான் நான் பிறந்தேன். 1977 கலவரத்தின் பின் அப்பா எங்களைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போனார். பிறகு நடந்தவை இதை வாசிக்கும் சகோதரிகளுக்குத் தெரியாதவை அல்ல.

இம்முறை வந்தது பிறப்புப் பத்திரத்துக்காக. அதில் என் பெயர் ஒரு விதம். அடையாள அட்டையில் இன்னொரு விதம். கணவரின் மரணப் பத்திரத்தில் மூன்றாவது விதம். மூவரும் ஒருத்தியே என்று காட்டினால்தான் அவருடைய காணி என் பெயருக்கு வரும். அலுவலகத்தில் "நாளைக்கு வாங்க" என்றார்கள்.

அக்கா மகள் கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருக்கிறாள். தாவரவியல் படித்தவள். அவளுடைய திண்ணை முழுக்கச் சிறு சாடிகள். ஒன்றில் வெள்ளை வரி போட்ட, உள்ளங்கையளவுச் செடி.

"கற்றாழைக் குட்டியா?" என்றேன்.

"பிழையில்ல சித்தி. 1753ல லின்னேயசும் இதோட சொந்தக்காரச் செடிகளைக் கற்றாழைக்குள்ளதான் வச்சாரு."

ஊர் தென்னாபிரிக்கா. கற்றாழைப் பூ பெரும்பாலும் சிவப்பிலோ மஞ்சளிலோ குழல்போலிருக்கும். இவற்றின் பூ சிறியது, வெளிறியது, இரண்டு உதடாகப் பிரிந்தது. அதனால் 1809இல் துவால் என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பிரித்து, ஹவோர்த் என்ற ஆங்கிலேயரின் பெயரால் ஹவோர்த்தியா என்று பெயரிட்டார். பிற்காலத்து மரபணு ஆய்வுகளில் மெல்லிலைச் செடிகளும் வன்னிலைச் செடிகளும் அவ்வளவு நெருங்கிய உறவல்ல என்று தெரிந்தது. 2013இல் ரோலி என்பவர் வன்னிலைச் செடிகளில் பலவற்றை ஹவோர்த்தியோப்சிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார். செடி என்னவோ சாடியை விட்டு அசையவில்லை!

கடைக்காரர் இதை 'பாசியாட்டா' என்று விற்றாராம்.

"இலையோட உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க."

சொரசொரவென்றிருந்தது. பாசியாட்டாவுக்கு வெள்ளைப் பருக்கள் வெளிப்பக்கத்தில் மட்டும்தான், உள்பக்கம் வழுவழுப்பு. இரு பக்கமும் சொரசொரப்பென்றால் அது அட்டெனுவாட்டா. கடைகளில் பாசியாட்டா என்று கிடைப்பதில் பெரும்பாலானவை இதுதானாம். எழுதப்பட்ட பெயரை நம்பாமல் விரலை நம்பும் இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனது.

ஒரு சாடி வெறுமையாக இருந்தது. கல்லுச்செடி என்று சொல்லத்தக்க லித்தொப்ஸ் அதில் இருந்து அழுகிப்போனதாம். 1811இல் பேர்ச்செல் என்பவர் விசித்திரமான கூழாங்கல் என்றெண்ணிக் கையில் எடுத்தது அதைத்தான். இரண்டே இலை. புது இலைகள் பழைய இலைகளிலுள்ள நீரைக் குடித்து வளரும். அந்த வேளையில் தண்ணீர் ஊற்றினால் கெட்டுவிடும். கண்டி மழைக்கு அது தாங்குமா?

"முந்தின பெயர்களை அழிச்சிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சித்தி. மறுபெயர்னு பக்கத்திலேயே எழுதி வைப்பாங்க. பழைய பெயரோட வர்றவங்களும் செடியைக் கண்டுபிடிக்கணுமே."

மகாவலி வளைவில் 1821இல் தொடங்கிய பேராதனைப் பூங்காவில், 1824இலேயே அலெக்சாண்டர் மூன் இலத்தீன் பெயர்களோடு சிங்களப் பெயர்களையும் சேர்த்துத் தாவரப் பட்டியல் அச்சிட்டிருக்கிறார். செடிக்குக் கிடைத்த இந்த மரியாதை எங்கள் பத்திரங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில், மூன்று பெயரும் ஒருத்திக்கே உரியவை என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். சமாதான நீதவான் ஒருவரிடம் போய் முடித்தேன். பெயர்களை அவர் ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் காட்டச் சொன்னேன்.

திரும்பும்போது மகள் அட்டெனுவாட்டாவின் அடியில் முளைத்த குட்டியொன்றைப் பிரித்துத் தந்தாள். வெட்டுக்காயம் காய இரண்டு நாள் வெளியே வைத்துவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட வேண்டும். உச்சி வெயில் நேரே படக்கூடாது. மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். காகிதத்தில் சுற்றி, பத்திரப் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.