சுழலும் லென்ஸும் ஒற்றைக் கையும்: பிராக் நகரத்தில் ஃபிலிம் ஒளிப்படத் தொழில்

செக் குடியரசின் தலைநகரான பிராக், இரண்டாம் உலகப் போரில் பெரிதும் சிதையாமல் தப்பிய ஐரோப்பியப் பழைய நகரங்களுள் ஒன்று. கோதிக், மறுமலர்ச்சி, பரோக் எனப் பல காலங்களின் கட்டடங்கள் வல்தாவா ஆற்றின் இரு கரைகளிலும் தோளோடு தோள் உரசி நிற்கும் அதன் நடுப்பகுதியை யுனெஸ்கோ 1992இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்நகரத்தின் அழகைப் பயண நூல்கள் ஓயாமல் கூறிவருகின்றன. ஆயினும் அங்கே ஃபிலிமில் படமெடுப்பது என்பது எடை சுமத்தல், காத்திருத்தல், வெளிச்சத்தை அளத்தல், இருட்டறையில் கழுவுதல், தாளில் பதித்தல் என ஒன்றன்பின் ஒன்றாகக் கையால் செய்து முடிக்கவேண்டிய வேலைகளால் ஆன ஒரு கைத்தொழில். அத்தொழிலை அரை நூற்றாண்டுக்கு மேல் அதே நகரத்தில் செய்தவரான யோசெஃப் சூதெக்கைக் கலைஞராகப் போற்றுவதற்கு முன் ஒரு தொழிலாளியாக அறிந்துகொள்வது, அவருடைய படங்களையும் அந்நகரத்தையும் சரியாகக் காண்பதற்கு உதவும்.

தொழிலுக்குரிய மூலப்பொருள் இன்றும் அந்நாட்டிலேயே உருவாகிறது. பிராகுக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹ்ராடெட்ஸ் க்ராலொவே என்னும் ஊரில் 1921இல் தொடங்கப்பட்ட ஃபோமா நிறுவனம், பெரிய ஃபிலிம் ஆலைகள் பலவும் சுருங்கியும் மூடப்பட்டும் போன காலத்தைக் கடந்து, தன் நூறாண்டை 2021இல் நிறைவு செய்தது. ஃபிலிம் என்பது ஒளி ஊடுருவும் அடித்தகட்டின் மீது, வெள்ளி உப்பின் நுண்மணிகள் கலந்த ஜெலட்டின் கரைசலை மெல்லிய படலமாகப் பூசி உலர்த்தியது. பூசும் வேலை முழுவதும் இருளில் நடைபெறவேண்டியிருப்பதால், அவ்வாலையின் பணியாளர்கள் கண்ணைவிடக் கையையும் பழக்கத்தையும் நம்பி வேலை செய்யவேண்டும். 100, 200, 400 என்னும் மூன்று உணர்திறன்களில் அங்கே உருவாகும் கறுப்பு வெள்ளைச் சுருள்கள், உலகச் சந்தையில் கிடைப்பவற்றுள் விலை குறைந்தவற்றைச் சேர்ந்தவை என்பதால், மாணவர்களும் கையில் பணம் குறைந்தவர்களும் முதலில் வாங்குவது அவற்றைத்தான்.

பிராகின் வெளிச்சம் தனிப்பட்ட கவனத்திற்குரியது. வடக்கே 50ஆம் அகலக்கோட்டில் அமைந்த இந்நகரத்தில் டிசம்பர் மாதச் சூரியன் காலை எட்டு மணியை ஒட்டி எழுந்து மாலை நான்கு மணியளவில் மறைந்துவிடுகிறது. நண்பகலிலும் அடிவானத்திலிருந்து பதினாறு அல்லது பதினேழு பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஆகவே நாள் முழுவதும் நிழல்கள் நீண்டே கிடக்கின்றன. ஆற்றிலிருந்து எழும் மூடுபனி தொலைவிலுள்ள கோபுரங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அடர்த்திகளில் அடுக்கிக் காட்டுகிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு இதைவிடப் பொருத்தமான பருவம் அந்நகரத்தில் வேறில்லை. கோடைக்காலத்தின் நண்பகலில் எடுத்த படங்களில் சிவப்பு ஓட்டுக்கூரைகளும் வானமும் ஒரே சப்பையான சாம்பலாகிப் போவதைக் காணலாம்.

நான்காம் சார்லஸ் மன்னரின் ஆட்சியில் 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம் 516 மீட்டர் நீளமும், இருபுறக் கைப்பிடிச்சுவர்களின் மீது முப்பது சிலைகளும் கொண்டது. கிழக்கே பழைய நகரத்தையும் மேற்கே மாலா ஸ்ட்ரானா என்னும் மலையடிவாரப் பகுதியையும் அது இணைப்பதால், விடியலில் பாலத்தின் மேலிருந்து கிழக்கு நோக்கும் கேமராவுக்குச் சிலைகள் கரிய உருவங்களாகவும், மேற்கு நோக்கும் கேமராவுக்கு முன்புற வெளிச்சம் பட்ட மணற்கல்லாகவும் தோன்றும். இங்கே ஃபிலிமின் ஓர் இயல்பு கணக்கில் வந்தாகவேண்டும். வெளிச்சம் மிகக் குறைந்து, ஷட்டர் திறந்திருக்கவேண்டிய நேரம் நீளும்போது, ஃபிலிம் தன் உணர்திறனைப் படிப்படியாக இழக்கிறது. ஒளியளவி பத்து நொடி என்று காட்டினால், ஃபோமா நிறுவனத்தின் 100 உணர்திறன் ஃபிலிமுக்கு எண்பது நொடி கொடுக்கவேண்டும். அந்த எண்பது நொடியில் பாலத்தைக் கடந்து செல்வோர் ஒருவரும் படத்தில் பதிவதில்லை. நின்றவர் மட்டுமே பதிகிறார். அந்நகரத்தின் பழைய ஒளிப்படங்களில் தெருக்கள் ஆளற்றுக் கிடப்பதற்கு, மக்கள் இல்லாமையைவிட இந்த நேரக்கணக்கே சில இடங்களில் காரணமாக இருந்திருக்கும் என்று கொள்வது பொருந்தும்.

குறுகிய சந்துகளில் சிக்கல் வேறு வகையானது. இருபுறமும் உயர்ந்த சுவர்களின் அடியில் இருளும், மேலே ஒரு நாடா அகலத்திற்கு வெளிறிய வானமும் ஒரே சட்டகத்தில் அமையும்போது, நிழலுக்கு ஏற்றவாறு வெளிச்சம் கொடுத்து, வானம் வெந்துபோகாதவாறு கழுவும் நேரத்தைக் குறைப்பது தொழில் அறிந்தோரின் வழக்கம். கழுவுதலின் வேதியியல் அவரவர் இருட்டறைக்கு ஏற்ப மாறுவது. அதை விரித்துரைப்பது இங்குத் தேவையில்லை.

சூதெக் 1896இல் கொலீன் என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, புத்தகம் கட்டும் தொழிலைப் பழகினார். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் படையில் சேர்க்கப்பட்டு, 1917இல் இத்தாலியப் போர்முனையில் வலது தோளில் காயம்பட்டு, அக்கையை முழுவதுமாக இழந்தார். ஊசியும் நூலும் பசையும் கத்தியும் புழங்கும் புத்தகக் கட்டுத் தொழில் ஒற்றைக் கைக்கு இயலாததாயிற்று. அலுவலகத்தில் அமர்ந்து பார்க்கும் வேலையை அவர் ஏற்கவில்லை. ஊனமுற்ற படைவீரருக்குரிய ஓய்வூதியத்தைக் கொண்டு, கார்லீன் பகுதியில் போர் ஊனமுற்றோர் தங்கியிருந்த இன்வாலிடோவ்னா இல்லத்தில் வாழ்ந்து, தம்மைப் போலவே கையும் காலும் இழந்த தோழர்களைப் படமெடுத்தார். 1922 முதல் 1924 வரை பிராகின் அரசு வரைகலைப் பள்ளியில் ஒளிப்படம் பயின்றார்.

அவருடைய முதல் பெரும்பணி ஒரு கட்டுமானக் களத்திலேயே நிகழ்ந்தது என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். பிராக் கோட்டைக்குள் 1344இல் அடிக்கல் நாட்டப்பட்டு, பல நூற்றாண்டுகள் முடிவுறாமல் நின்ற தூய வித்துஸ் பேராலயத்தின் இறுதிக்கட்ட வேலைகள் 1920களில் நடந்துகொண்டிருந்தபோது, 1924 முதல் 1928 வரை அவர் அங்கே படமெடுத்தார். உயர்ந்த சாளரங்களிலிருந்து இறங்கும் ஒளிக்கற்றைகளோடு, தள்ளுவண்டிகளும் கயிறுகளும் பலகைகளும் கல் குவியல்களும் அப்படங்களில் சம உரிமையுடன் இடம்பெறுகின்றன. வழிபாட்டிடத்தின் மாண்பைக் காட்ட விரும்பும் எவரும் அப்பொருள்களை முதலில் அப்புறப்படுத்தியிருப்பர். கொத்தனாரின் கருவியை அவ்வொளியிலேயே வைத்துக் காட்டியது, கைவேலையின் மதிப்பை அறிந்த ஒருவரின் முடிவு.

1927இல் அவர் பெத்ரீன் குன்றின் அடியில் ஊயெஸ்த் தெருவில், வீடுகளுக்கு நடுவே தோட்டத்தில் இருந்த ஒரு சிறிய மரக்கொட்டகையைத் தம் ஸ்டூடியோவாக்கிக்கொண்டார். ஒளிப்படத் தொழில் பயின்றிருந்த தங்கை போஜெனா அங்கே அவருக்குத் துணையாக வேலை செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், நாஜி முகாம்களிலிருந்து உயிர் மீண்ட சோன்யா புல்லாட்டி என்னும் இளம்பெண் உதவியாளராகச் சேர்ந்தார்; பின்னாளில் நியூயார்க்கில் குடியேறி, ஆங்கில உலகத்திற்கு அவரை அறிமுகப்படுத்திய நூலை 1978இல் வெளியிட்டார். கனத்த மரக்கேமராவையும் முக்காலியையும் தோளில் சாய்த்துச் சுமந்து, ஃபிலிமை மடியில் இருத்தி ஒரு கையாலும், அது போதாதபோது பற்களாலும் மாற்றியவரின் படங்களுக்குப் பின்னால் இவ்விரு பெண்களின் உழைப்பும் நிற்கிறது. கண்காட்சிச் சுவர்களில் அவர்களின் பெயர் எழுதப்படுவது அரிது.

1940இல் பிரான்சின் ஷார்த்ர் பேராலயச் சிலை ஒன்றின் 30×40 செ.மீ. கான்டாக்ட் பிரிண்டைச் சூதெக் கண்டார். கான்டாக்ட் பிரிண்ட் என்பது பெரிதாக்கும் கருவி இன்றி, நெகட்டிவைத் தாளின் மீது நேரடியாக வைத்து அதே அளவில் பதிப்பது. அதில் கல்லின் சொரசொரப்பும் நிழலின் படிநிலைகளும் இழப்பின்றித் தாளுக்கு வந்து சேரும். அதன்பின் தம் சொந்தப் பணிகளில் பெரிதாக்குவதை அவர் அடியோடு கைவிட்டார். இம்முடிவின் விளைவு நகரத்தில் நடப்பவருக்குத்தான் தெரியும்: பெரிய படம் வேண்டுமானால் பெரிய நெகட்டிவ் வேண்டும், பெரிய நெகட்டிவுக்குப் பெரிய கேமரா வேண்டும், அதை மாலா ஸ்ட்ரானாவின் செங்குத்தான படிக்கட்டுகளில் ஒரே கையால் ஏற்றவேண்டும்.

1950களில் அவர் கைக்கு வந்த கருவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலத்து வடிவமைப்பான கோடாக் பனோரமா கேமரா. இதன் லென்ஸ் நிலையாக நிற்பதில்லை. முடுக்கிய சுருள்வில்லின் விசையால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குச் சுழன்று செல்கிறது. பின்புறம் அரைவட்டம் போல வளைத்து வைத்த ஃபிலிமின் மீது, கதவிடுக்கின் வழியாக அகல்விளக்கின் ஒளி ஒரு சுவரைத் தடவிச் செல்வதைப் போல, லென்ஸின் ஒளி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிச் செல்கிறது. கிடைப்பது ஏறத்தாழ 10 செ.மீ. உயரமும் 30 செ.மீ. நீளமும் கொண்ட நெகட்டிவ். வேகத்தை மாற்றும் வசதி மிகக் குறைவு; அதனால் பொருத்தமான வெளிச்சம் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இக்கருவி கட்டடங்களைக் காட்டும் விதமும் வேறு. செங்குத்துக் கோடுகள் நேராக நிற்க, கேமராவின் கண்மட்டத்திற்கு மேலும் கீழும் உள்ள கிடைக்கோடுகள் வில்லாக வளைகின்றன. நேரான ஆற்றங்கரைச் சுவர் படத்தில் வளைந்து முன்வந்து இருபுறமும் பின்வாங்கும். கேமரா சற்றே சாய்ந்தாலும் அடிவானமே வளையும். பல ஒளிப்படக்காரர்களுக்குக் குறையாகப்பட்ட இவ்வளைவைச் சூதெக் இடத்தேர்வினால் ஆண்டார்: ஏற்கெனவே வளைந்திருக்கும் ஆற்றங்கரைகள், திருப்பமுள்ள தெருக்கள், குன்றின் சரிவுகள் ஆகியவற்றின் முன் நின்றபோது கருவியின் வளைவும் நிலத்தின் வளைவும் இணைந்துபோயின. மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் கோபுரங்களை உரிய இடத்திற்குச் சுருக்கி, சுற்றுலாப் படங்கள் விலக்கிவிடும் வேலிகளையும் வெற்று மனைகளையும் காய்ந்த மரங்களையும் தொழிற்சாலைப் புகைபோக்கிகளையும் உள்ளே அழைத்து வந்தது. 1959இல் வெளிவந்த அவருடைய பிராக் பனோரமா நூலில் 284 படங்கள் உள்ளன. ஐரோப்பிய நகரமொன்றின் மையத்தையும் விளிம்பையும் இத்துணை சமநிலையோடு காட்டும் ஒளிப்பட நூல்கள் மிகச் சில.

இத்தொழிலின் பொருளாதாரம் வேதனைக்குரியது. சூதெக்குக்கு ஒழுங்கான வருவாய் அளித்தவற்றுள் முதன்மையானது த்ருஷ்ஸ்டெவ்னீ ப்ராட்செ. உறுப்பினர்களுக்கு நேரடியாக நூல்களையும் வீட்டுப் பொருள்களையும் விற்ற கூட்டுறவுப் பதிப்பகம் அது. பேராலயப் படங்களுள் பதினைந்தை 1928இல் தொகுப்பாக வெளியிட்டதும், பீங்கான், கண்ணாடிப் பொருள்களுக்கான விளம்பரப் படங்களை அவரிடம் கேட்டு வாங்கியதும் அவ்வமைப்பே. செய்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே தரகர் நிற்காத ஏற்பாடு ஒரு தொழிலாளியைப் பல ஆண்டுகள் நிமிர்ந்து நிற்கவைத்ததற்கு இது சான்று. இன்றோ, ப்ரெரோவ் நகரின் மெயோப்டா ஆலை தயாரித்த ஃப்ளெக்ஸாரெட் என்னும் இரட்டை லென்ஸ் கேமரா பழைய பொருள் சந்தையில் கைமாறும் விதத்தைப் பார்த்தால் போதும். அதன் உற்பத்தி அரை நூற்றாண்டுக்கு முன்பே நின்றுவிட்டதால், உறைந்துபோன எண்ணெயைக் கழுவி, ஷட்டரின் தகடுகளைப் பிரித்துக் கோத்து, உயிர் கொடுப்பவர் ஒரு பழுதுபார்ப்பவரே. அவர் பெறுவது சில மணி நேரக் கூலி. அதே கேமராவைத் திறந்துகூடப் பாராமல் வாங்கி, துடைத்து, படம் பிடித்து, தொலைநாட்டவருக்கு விற்கும் இடைத்தரகர் பெறுவது அதைப்போல் பல மடங்கு. பழுதுபார்ப்பவரிடம் தொழில் பழக இளைஞர் வாராததற்கு ஆர்வமின்மையைக் காரணம் காட்டுவது அநீதி, கூலியே காரணம். ஃபிலிம் பூசுபவர், கழுவுபவர், பழுதுபார்ப்பவர் ஆகிய மூவரையும் மறந்துவிட்டு ஃபிலிமின் மறுமலர்ச்சியைக் கொண்டாடுவது, விளைவித்தவரை விலக்கிவிட்டு விருந்துண்பதாகும். பழைய நகரத்தின் வீடுகள் குறுகிய காலச் சுற்றுலா வாடகைக்கு மாறிக்கொண்டே போவதால், சிறு பட்டறைகளும் இருட்டறைகளும் நடுப்பகுதியில் நிலைக்க முடியாமல் வெளியே தள்ளப்படுவதும் இதன் தொடர்ச்சியே. ஊயெஸ்த் தெருவின் மரக்கொட்டகை 1985இல் தீக்கிரையானது. 2000இல் அதே வடிவில் திரும்பக் கட்டப்பட்டு இன்று சிறு காட்சிக்கூடமாக இயங்குகிறது என்பது மகிழ்ச்சிக்குரியது, ஆனால் அத்தோட்டத்தைச் சூழ்ந்த தெருக்களில் உழைத்து வாழ்வோருக்கு அத்தகைய மீட்பு கிட்டவில்லை.

பிராகைப் படமெடுத்த அதே காலத்தில், 1950களின் பிற்பகுதியிலிருந்து, சூதெக் அப்பனோரமா கேமராவை வடபொஹீமியாவில் உள்ள மோஸ்ட் நகரத்தின் சுற்றுப்புறத்திற்கும் எடுத்துச் சென்றார். பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களால் தோண்டிப் புரட்டப்பட்ட நிலம், பட்டுப்போன மரங்கள், புகைபோக்கிகள் ஆகியவற்றைக் காட்டும் அப்படங்களுக்குத் துயர நிலப்பரப்பு என்று பெயரிட்டார். அவை அவர் வாழ்நாளில் நூலாக வெளிவரவில்லை. அவர் அங்கே சென்றபோது நின்றிருந்த மோஸ்டின் பழைய நகரம், அடியில் கிடந்த நிலக்கரிக்காகப் பின்னர் ஏறத்தாழ முழுமையாக இடிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டு கோதிக் தேவாலயம் ஒன்று மட்டும் 1975இல் தண்டவாளங்களின் மீது ஏற்றப்பட்டு 841 மீட்டர் நகர்த்தப்பட்டுக் காப்பாற்றப்பட்டது. ஃபிலிம் சுருள்களோடு பிராகுக்குச் செல்வோர் சார்லஸ் பாலத்தில் செலவிடும் காலைகளுள் ஒன்றைச் சேமித்து, வடமேற்கே ரயிலேறி மோஸ்டையும் கண்டு வருதல் வேண்டும். 284 படங்களில் காணும் நகரம் தப்பியது எத்தகைய நாட்டில், எத்தகைய காலத்தில் என்பது அங்கேதான் விளங்கும்.